மலைக்கு ஆட்டோமேட்டிக் கார்: ஹேண்ட் பிரேக் லீவரா, பட்டனா?

கம்பத்திலும் போடியிலும் வீடு, மேலே இடுக்கியில் ஏலத்தோட்டம் என்று இருப்பவர்கள் ஆட்டோமேட்டிக் கார் வாங்கப் போனால் ஷோரூமில் ஓர் இடத்தில் தயங்கி நிற்கிறார்கள். நடு வேரியன்டில் கையால் இழுக்கும் பழைய ஹேண்ட் பிரேக் லீவர். அதற்கு மேல் வேரியன்டில் விரலால் இழுக்கும் சின்னப் பட்டன், அதாவது எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக், கூடவே நின்ற வண்டியைத் தானே பிடித்து வைக்கும் ஆட்டோ ஹோல்டு. விற்பவர் "இது பிரீமியம் ஃபீச்சர் சார்" என்பதோடு முடித்துக்கொள்வார். கம்பம்மெட்டு ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் மாட்டினால் இரண்டில் எது உதவும், வண்டன்மேட்டு மழையில் பத்து நாள் நின்ற பிறகு எது மக்கர் பண்ணும் என்றெல்லாம் அவரிடம் கேட்டுப் பயனில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் மலை ஏறி இறங்குகிற, வீட்டில் இரண்டு மூன்று பேர் மாற்றி மாற்றி ஓட்டுகிற கார் என்றால் பட்டனுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். தோட்டத்து ஷெட்டில் வாரக்கணக்கில் சும்மா நிற்கும் வண்டி என்றால் லீவரே போதும், போதும் என்ன, அதுதான் நல்லது. ஆனால் இந்த இரண்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது கியர்பாக்ஸ். அதைப் பார்க்காமல் பிரேக்கைப் பற்றிப் பேசுவது பாதிப் பேச்சு.

டார்க் கன்வெர்ட்டர், சிவிடி, டிசிடி என்று பெயர் எதுவானாலும் இந்த வகை ஆட்டோமேட்டிக்கில் 'பி' (பார்க்கிங்) நிலை உண்டு. 'பி' போட்டால் கியர்பாக்ஸுக்குள் ஒரு சின்ன இரும்பு நாக்கு பல்சக்கரத்தின் பள்ளத்தில் போய் விழுந்து பூட்டிக்கொள்ளும். முன்சக்கர இழுவைக் காரில் அது பிடிப்பது முன்சக்கரங்களை. ஹேண்ட் பிரேக், லீவரானாலும் பட்டனானாலும், அநேகமாக எல்லாக் கார்களிலும் பின்சக்கரங்களைப் பிடிக்கும். ஆக இரண்டும் சேர்ந்தால்தான் நான்கு சக்கரமும் பிடியில் இருக்கும். "பி போட்டாச்சு, ஹேண்ட் பிரேக் எதுக்கு?" என்று கேட்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். சரிவில் பஞ்சர் ஆகி முன்சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கினால் 'பி' கைவிட்டுவிடும். அந்தரத்தில் இருக்கும் சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் மறுபக்கம் சுற்றும். டிஃபரென்ஷியலின் வேலையே அதுதான். அப்போது வண்டியை நிறுத்தி வைத்திருப்பது பின்சக்கர பிரேக்கும், சக்கரத்துக்குக் கீழே நீங்கள் வைத்த கல்லும் மட்டுமே.

ஏஎம்டி கதை வேறு. அதில் 'பி' கிடையாது. சாதாரண மேனுவல் கியர்பாக்ஸையே ஒரு இயந்திரக் கை மாற்றிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். 2014-ல் மாருதி செலேரியோ மூலம் நம் நாட்டில் அறிமுகமாகி, பட்ஜெட் கார்களில் பரவிய வகை இது. இதை நிறுத்தும்போது கியரை 'என்'-இல் (நியூட்ரல்) விட்டுவிட்டு ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கிப் போவது மலையில் ஆபத்து. 'டி' (முன்னால் போக) அல்லது 'ஆர்' (ரிவர்ஸ்) நிலையில் வைத்து எஞ்சினை அணைத்தால் கிளட்ச் பிடித்துக்கொள்ளும், எஞ்சினின் கம்ப்ரெஷன் வண்டியைத் தாங்கும். 'பி' அளவுக்கு உறுதி இல்லை என்றாலும் துணைக்கு இருக்கும். ஏஎம்டி காரில் பெரும்பாலும் லீவர்தான் வருகிறது என்பதால் அங்கே நமக்குத் தேர்வே இல்லை. லீவர் இறுக்கமாக இருக்கிறதா என்று அடிக்கடி பார்ப்பது ஒன்றுதான் நம் வேலை.

சரி, இனி 'பி' இருக்கும் கார்களுக்கு மட்டும் பேசுவோம்.

லீவரில் நடப்பது எளிமையானது. கை இழுக்கிறது, கேபிள் இழுபடுகிறது, பின்சக்கரத்தில் டிரம் என்றால் ஷூ விரிகிறது, டிஸ்க் என்றால் பேடு கவ்வுகிறது. எவ்வளவு இறுக்குகிறோம் என்பது கையின் பலத்தைப் பொறுத்தது. கார்களின் பிரேக்குக்கான ஐ.நா. விதி 13-எச், முழுச் சுமையோடு 20 சதவீதச் சரிவில், அதாவது ஐந்து மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறும் சரிவில், பார்க்கிங் பிரேக் மட்டுமே வண்டியை நிறுத்த வேண்டும் என்கிறது. அதற்குக் கை கொடுக்க வேண்டிய விசை 400 நியூட்டனுக்கு மேல் போகக் கூடாது என்றும் சொல்கிறது. 400 நியூட்டன் என்றால் ஏறத்தாழ 40 கிலோ. இளவட்டத்துக்கு அது ஒன்றுமில்லை. மூட்டு வலி உள்ள அம்மாவோ, தோள் இறங்கின அப்பாவோ அந்த அளவுக்கு இழுப்பார்களா? பாதியிலேயே விட்டுவிடுவார்கள். நெடுங்கண்டம், கட்டப்பனைப் பக்கம் ரோட்டிலிருந்து வீட்டு போர்ட்டிகோவுக்கு இறங்கும் கோடு போட்ட கான்கிரீட் சாய்தளங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், 20 சதவீதத்தைத் தாண்டுகிறவை அவற்றில் உண்டு.

பட்டனில் இந்தக் கைப்பலக் கணக்கு இல்லை. பின்பக்க டிஸ்க் பிரேக்கில் பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரிலேயே ஒரு சின்ன மோட்டார் உட்கார்ந்திருக்கும். பட்டனை இழுத்தால் அது திருகைச் சுழற்றி பிஸ்டனைத் தள்ளி, பேடை டிஸ்க்கோடு அழுத்தும். யார் இழுத்தாலும் ஒரே பிடி. பேடு தேய்ந்தாலும் அந்த இடைவெளியை மோட்டாரே கணக்குப் பார்த்துக்கொள்ளும். லீவர் காரில் கேபிள் தளரத் தளர ஐந்தாறு கிளிக்கில் பிடித்தது ஒன்பது, பத்துக்குப் போய்விடும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

கேட்கிறவர்கள் பெரும்பாலும் பயப்படுவது, "பேட்டரி இறங்கிவிட்டால் பிரேக் விட்டுப்போய் வண்டி உருண்டுவிடாதா?" என்று. உருளாது. திருகு தானாகத் திரும்பாது. பூட்டியது பூட்டியபடியே இருக்கும். உண்மையான தொல்லை நேர் எதிரானது: பேட்டரி இறங்கினால் பிரேக்கை எடுக்க முடியாது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

மலைச்சாலையில் பட்டன் பிரேக் தன் காசுக்கு வேலை செய்வது ஓடும்போதுதான். சபரிமலை மண்டல, மகரவிளக்கு சீசனில் கம்பம்மெட்டு வழியாக ஏறி, குமுளி வழியாக இறங்கும்படி ஒருவழியாக்கிவிடும் நாட்களில் ஏற்றத்தில் நின்று நின்றுதான் போக வேண்டும். வளைவில் முன்னால் பஸ் திணறும், பின்னால் ஒட்டி ஒரு வேன் நிற்கும். ஆட்டோமேட்டிக்கில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாக மெல்ல நகரும் என்பதெல்லாம் சமதளத்தில். செங்குத்தில் அது பின்னால் வழுக்கும். ஹில் ஹோல்டு இருந்தால் இரண்டு விநாடி போலப் பிடிக்கும், அதற்குள் ஆக்சிலரேட்டருக்குக் கால் போயாக வேண்டும். ஆட்டோ ஹோல்டு அப்படியில்லை. வண்டி நின்றதும் பிரேக் எண்ணெயின் அழுத்தத்தை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும், காலை எடுத்துவிடலாம், ஆக்சிலரேட்டரை மிதித்தால்தான் விடும். நெடுநேரம் நின்றாலோ, சீட் பெல்ட்டைக் கழற்றினாலோ, கதவைத் திறந்தாலோ பல கார்களில் பொறுப்பைப் பார்க்கிங் பிரேக்குக்குக் கைமாற்றிவிடும். பட்டன் பிரேக்கும் ஆட்டோ ஹோல்டும் ஒன்றல்ல; ஆனால் அநேகமாக ஜோடியாகவே விற்கிறார்கள். 2020-ல் வந்த இரண்டாம் தலைமுறை கிரெட்டாவும் 2024-ல் வந்த மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓவும் அப்படித்தான்.

டிசிடி வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். உள்ளே இருப்பது கிளட்ச். ஏற்றத்தில் பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்தி வைக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. அப்படிச் செய்தால் கிளட்ச் வழுக்கிக்கொண்டே சூடேறும், கொஞ்ச நேரத்தில் டேஷ்போர்டில் எச்சரிக்கை வரும். ஆட்டோ ஹோல்டு போட்டுக்கொண்டால் அந்தப் பழக்கத்துக்கே இடமில்லை. சும்மா இருக்கும் நேரம் கிளட்சும் சும்மா இருக்கும்.

லீவர் காரில் இதையே கையால் செய்யலாம். ஜீப் ஓட்டுகிற அண்ணன்கள் வருஷக்கணக்காகச் செய்கிறார்கள். லீவரைப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரை மிதித்து, வண்டி இழுக்கத் தொடங்கியதும் லீவரை இறக்குவது. கை வந்த கலையாக இருந்தால் சுகம்தான். வீட்டில் எல்லோருக்கும் அந்தக் கை வந்திருக்க வேண்டும், அதுதான் சிக்கல்.

பட்டன் பிரேக்கில் தானாக விடுபடும் வசதி உண்டு. சீட் பெல்ட் போட்டு, கதவை மூடி, 'டி' போட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டியை இழுக்கும் அளவுக்கு விசை வந்ததும் பிரேக் தானே எடுத்துக்கொள்ளும். மேல்நோக்கிப் போக இது அருமை. ஆனால் வளைவில் பஸ்ஸுக்கு வழிவிட ஐந்தடி பின்னால் இறங்க வேண்டியிருக்கும் பாருங்கள், அங்கே இதைப் பயன்படுத்தக் கூடாது. ஏற்கெனவே கீழே இழுக்கும் வண்டியில் 'ஆர்' போட்டு ஆக்சிலரேட்டரையும் மிதித்தால், பிரேக் விடுபடும்போது நினைத்ததைவிட வேகமாகப் பாயும். பிரேக் பெடலை நன்றாக மிதித்துக்கொண்டு பட்டனைக் கையால் அழுத்தி எடுத்துவிட்டு, பெடலை மெல்லத் தளர்த்தி இறங்குங்கள்.

இறக்கத்துக்கு வருவோம். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்கினால் டிஸ்க் கொதித்துவிடும். இதற்கு எந்த வகைப் பார்க்கிங் பிரேக்கும் மருந்தல்ல. 'எல்', '2' அல்லது மேனுவல் மோடில் தாழ்ந்த கியர் போட்டு எஞ்சினைப் பிடிக்கவிட்டு இறங்க வேண்டும். இறங்கி முந்தல் பக்கம் டீ குடிக்க நிறுத்தும்போதுதான் நம் விஷயம் வருகிறது. சூட்டில் விரிந்திருக்கும் டிஸ்க் ஆறும்போது சுருங்கும். சூடாக இருக்கையில் பிடித்த பிடி அப்போது கொஞ்சம் தளரும். பல பட்டன் பிரேக்குகள் இதைத் தெரிந்துவைத்திருக்கின்றன: நிறுத்திச் சில நிமிஷம் கழித்து, யாரும் தொடாமலே பின்பக்கம் 'ர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும். பேய் இல்லை, மோட்டார் மறுபடி இறுக்குகிறது. பின்பக்கம் டிஸ்க்கும் லீவரும் உள்ள காரில் அந்த வேலை உங்களுடையது. சரிவில் நிறுத்தினால் ஒரு கிளிக் கூடுதலாக இழுங்கள், 'பி'யையும் விடாதீர்கள். டிரம்மில் நேர்மாறு. டிரம் ஆறிச் சுருங்கும்போது ஷூவை இன்னும் இறுக்கிக் கவ்வும், காலையில் எடுக்கும்போது 'டப்' என்று விடும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது பெடல் பிரேக் செயலிழந்தால்? அபூர்வம்தான், ஆனால் மலையில் இருப்பவர்கள் கேட்காமல் இருப்பதில்லை. லீவரை வெடுக்கென்று இழுத்தால் பின்சக்கரம் மட்டும் பூட்டி, ஈர ரோட்டில் வால் வெளியே வீசும். லீவரின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி படிப்படியாகத்தான் இழுக்க வேண்டும், அதற்குப் பதற்றமில்லாத கை வேண்டும். பட்டனை இழுத்தபடியே பிடித்திருந்தால் பெரும்பாலான கார்களில் ஸ்திரத்தன்மைக் கட்டுப்பாட்டு யூனிட் நான்கு சக்கரத்துக்கும் அளவோடு பிரேக் கொடுக்கும், விட்டால் விட்டுவிடும். பக்கத்து சீட்டில் இருப்பவரும் இழுக்கலாம், பட்டன் நடுவில் இருந்தால். சில கார்களில் அது ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் ஒளிந்திருக்கும். வாங்கும் முன் பார்த்துவிடுங்கள்.

குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இன்னொரு காரணம். லீவரை நிற்கும் காரில் ஒரு எட்டு வயதுப் பிள்ளையே இறக்கிவிடும். பட்டனை எடுக்க இக்னிஷன் ஆனில் இருக்க வேண்டும், பிரேக் பெடலும் மிதிபட வேண்டும். ஆக்டிங் டிரைவர் வைத்து ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு லாபம்: லீவரைப் பாதி இறக்கிவிட்டு லோயர் கேம்ப் வரை தீய்ந்த வாசனையோடு ஓட்டிக்கொண்டு போகும் ஆசாமிகளைப் பட்டன் பிரேக் காப்பாற்றிவிடும்.

இவ்வளவு நேரம் பட்டனுக்கு வக்காலத்து வாங்கியாயிற்று. இனி மறுபக்கம்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வண்டிப்பெரியாறு, பீருமேடு பக்கம் காய்ந்த துணியையே பார்ப்பது கஷ்டம். பிரேக் இறுக்கிய நிலையில் கார் நனைந்து நாட்கணக்கில் நின்றால் பேடும் டிஸ்க்கும் துரு பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஷூவும் டிரம்மும் அப்படியே. லீவர் காரில் வழி சுலபம்: சமதள ஷெட்டில் 'பி' போட்டு, சக்கரத்துக்கு இருபக்கமும் கல் கொடுத்து, லீவரை இறக்கி வைத்துவிட்டு ஊருக்குப் போகலாம். பட்டன் காரில் பல மாடல்கள் எஞ்சினை அணைத்ததுமே தாங்களாகப் பிரேக்கைப் போட்டுக்கொள்ளும். அதைத் தடுக்கும் வழி மாடலுக்கு மாடல் மாறும், கார் புத்தகத்தில் இருக்கும், நாம்தான் படிப்பதில்லை.

அதோடு அந்தப் பேட்டரி விஷயம். இரண்டு வாரம் நின்ற கார், பேட்டரி காலி, பிரேக் பூட்டி நிற்கிறது. லீவர் காராக இருந்தால் லீவரை இறக்கி, கியர் லீவர் பக்கத்தில் பல மாடல்களில் இருக்கும், 'பி'யின் பூட்டை விடுவிக்கும் ஷிஃப்ட் லாக் துளையைப் பயன்படுத்தி 'என்'-க்குக் கொண்டுவந்து, நான்கு பேர் சேர்ந்து வண்டியை வெளியே தள்ளி, ஜம்ப் கேபிள் மாட்டி மின்சாரம் வாங்க ஒரு ஜீப் பக்கத்தில் நிறுத்தலாம். பட்டன் காரை அசைக்கவே முடியாது. மின்சாரத்தை வண்டி இருக்கும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஷெட்டுக்குள் மூக்கு உள்ளே இருக்கும்படி நிறுத்தியிருந்தால் ஜம்ப் கேபிள் பானெட் வரை எட்டாது. மின்சாரக் கார் வாங்கியவர்களும் சிரிக்க வேண்டாம், அவற்றிலும் இதே 12 வோல்ட் பேட்டரிதான் இந்த வேலையைப் பார்க்கிறது.

வழியில் நின்றுபோனாலும் இதே கதை. குட்டிக்கானத்துக்குக் கீழே நிற்கும் காரின் முன்பக்கத்தை மட்டும் தூக்கிக் கட்டி இழுக்கும் வண்டி வந்தால், பூட்டிய பின்சக்கரங்கள் ரோட்டில் தேய்ந்துகொண்டு வரும். முழுக் காரையும் மேலே ஏற்றும் பிளாட்பெட் கேட்டு வாங்குங்கள்.

மெக்கானிக் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. லீவரின் கேபிளை இறுக்க எந்த ஒர்க்ஷாப்பிலும் பத்து நிமிஷம். பட்டன் காரில் பின்பேடு மாற்ற முதலில் மோட்டாரைப் பின்வாங்கவைக்கும் சர்வீஸ் நிலைக்குப் போக வேண்டும், அநேகமாக ஸ்கேனர் மாட்டித்தான். அது தெரியாமல் சி-கிளாம்ப் போட்டுப் பிஸ்டனை அழுத்தித் தள்ளினால் உள்ளே இருக்கும் திருகும் பல்சக்கரமும் உடையும், பிறகு காலிப்பரோடு செலவு. கம்பத்தில் இன்று ஸ்கேனர் வைத்திருக்கும் ஒர்க்ஷாப்புகள் இருக்கின்றன. "அண்ணே, பின்பேடு மாத்த சர்வீஸ் மோடு போடுவீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வண்டியை விடுங்கள். முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும்.

எந்த வகையை வாங்கினாலும் சரிவில் நிறுத்தும் வரிசை ஒன்றுதான், பலர் தலைகீழாகச் செய்வதும் இதைத்தான். பெடலை மிதித்தபடி 'என்', பிறகு பார்க்கிங் பிரேக், பெடலை மெல்ல விட்டு வண்டி பிரேக்கில் உட்காருகிறதா என்று பார்ப்பது, கடைசியில் மறுபடி பெடலை மிதித்து 'பி'. முதலில் 'பி' போட்டுப் பெடலை விட்டால் காரின் மொத்தப் பாரமும் அந்தச் சின்ன நாக்கில் தொங்கும், எடுக்கும்போது 'டங்' என்று அடிக்கும். எடுக்கும்போது பெடலை மிதித்து 'டி', அதன் பிறகே பிரேக். முன்சக்கரத்தை மலைப்பக்கமாகத் திருப்பி வையுங்கள். மேல்நோக்கி நின்றாலும் கீழ்நோக்கி நின்றாலும் மலைப்பக்கம்தான், அப்போது உருண்டாலும் பள்ளத்துக்குப் போகாமல் ஓடையிலோ பாறையிலோ போய் முட்டும்.

டெஸ்ட் டிரைவை மட்டும் தேனி ரோட்டில் முடித்துக்கொள்ளாதீர்கள். லோயர் கேம்ப் தாண்டி ஒரு ஏற்றம் வரை கொண்டுபோகச் சொல்லுங்கள், எண்ணெய்ச் செலவை நீங்களே கொடுத்தாலும் பரவாயில்லை. வீட்டில் மிகக் குறைவாக ஓட்டுபவர் யாரோ அவரையும் கூட்டிப்போய், ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொல்லுங்கள். ஒரு முறை ஆட்டோ ஹோல்டு போட்டு, ஒரு முறை அதை அணைத்துவிட்டு. கீழ் வேரியன்டின் லீவரையும் அதே இடத்தில் அவரே இழுத்துப் பார்க்கட்டும். அவர் சொல்வதுதான் உங்கள் வீட்டுக்கான பதில். பட்டன் பிரேக்கோடு சன்ரூஃபும் சேர்த்துத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். ஆடி மாதம் குமுளியில் அதைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.